முன்பனியில் சிவக்கும் மரம்

ஹடப்சர் காடீதளிலிருந்து நடந்தே சென்றடையக்கூடிய ஓர் அடுக்ககத்தின் நான்காம் தளத்தில், 2024 ஜனவரியில், ஆறு வாரங்களுக்குக் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் காய்கறி எதுவும் வைக்கப்படவில்லை. அவ்விடத்தில் ஒரு மண்தொட்டியும் அதன் நடுவே இலையற்ற, ஒரு சாண் உயரக் குச்சியும் இருந்தன. குச்சி என்று யாரேனும் சொன்னால் வீட்டுக்காரர் திருத்துவார்: அது ஜப்பானிய மேப்பிள், உறங்கிக்கொண்டிருக்கிறது.

அவர் மன்னார்குடிப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் கணித ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி 2020இல் மறைந்தபின் மகளோடு இருப்பதற்காகப் புணே வந்தார். மகள் அப்போது இங்கே வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தாள். 2022 செப்டம்பரில் அவளுக்கு ஜப்பானின் சப்போரோ நகரில் இரண்டாண்டு ஆய்வுப் பணி கிடைத்தது. மன்னார்குடி வீட்டை ஏற்கெனவே வாடகைக்கு விட்டாயிற்று. மகளுக்காக வந்த ஊரில் மகள் இல்லாமல் இருக்க நேர்ந்தது. மராத்தி அவருக்கு வராது. இந்தி பாதி வரும். காய்கறிச் சந்தையில் எண்களை மட்டும் பிழையின்றிச் சொல்வார்.

அந்த ஆண்டு அக்டோபர் இறுதியில் மகள் ஒரு காணொளி அனுப்பினாள். ஹொக்கைடோ பல்கலைக்கழக வளாகத்தின் ஜின்கோ மரச்சாலை முழுவதும் மஞ்சளாகியிருந்தது. அதன் ஓரத்தில் மேப்பிள் மரங்கள் சிவந்து நின்றன. அவர் அதைப் பலமுறை பார்த்தார். பிறகு, இணையத்தில் மேப்பிள் விதை வாங்கினார். அவர் பார்த்த விளம்பரங்களில் ஒன்று நீல இலை கொண்ட மேப்பிளைக் காட்டியது. அத்தகைய நீல மேப்பிள் இயற்கையில் கிடையாது. கணினியில் நிறம் மாற்றிய படம் அது. கணித ஆசிரியர் அதில் ஏமாறவில்லை. சிவப்பு மேப்பிள் தனக்குக் கிடைக்கும் என்று நம்பியதுதான் வேறு வகையான கணக்குப் பிழை.

மகளிடம் அவர் காரணம் எதுவும் சொல்லவில்லை. அவள் காணும் நிறத்தைத் தானும் தன் வீட்டுப் பலகணியில் ஒருமுறை காண வேண்டும் என்பதைத் தவிர வேறு காரணம் இருந்திருக்க முடியாது.

ஜப்பானிய மேப்பிளின் விதை, விதைத்தவுடன் முளைப்பதன்று. குளிர்காலம் கடந்துவிட்டது என்ற செய்தி அதற்குக் கிடைக்க வேண்டும். ஈரமான ஊடகத்தில், உறைநிலைக்குச் சற்று மேலான குளிரில், ஏறத்தாழ 3 முதல் 4 மாதம் கிடந்த பின்னரே கருவின் உறக்கம் கலையும். பனிக்காலத்தின் தொடக்கத்தில் முளைத்துவிட்டால் இளங்கன்று உறைந்து மடியும். ஆகவே காத்திருக்கும் விதைகளே வழிவழியாகப் பிழைத்து வந்தன. அவர் 20 விதைகளை ஈரத் தென்னைநார்த் தூளில் பொதிந்து, ஞெகிழிப் பையிலிட்டு, நவம்பர் கடைசியில் பெட்டிக்குள் வைத்தார். பையின்மேல் தேதி எழுதினார். அன்றே ஒரு குறிப்பேடும் தொடங்கினார். அதன் முதல் பக்கத்தில் நான்கு நிரல்கள்: நாள், பெருமம், சிறுமம், குறிப்பு. வெப்பநிலையை வானிலைத் துறையின் அறிக்கையிலிருந்து எடுத்தெழுதினார். இந்திய வானிலைத் துறையின் தலைமையகம் 1928இல் சிம்லாவிலிருந்து இந்த ஊருக்கு வந்தது என்பதையும், பின்னர் அது தில்லிக்குப் போயிற்று என்பதையும் அவர் இந்தத் தேடலில்தான் அறிந்தார். குறிப்பேட்டின் ஓரத்தில் அதையும் எழுதிவைத்தார்.

2023 மார்ச்சில் ஏழு விதைகள் முளைத்தன. முளைத்த காலம் கொடுமையானது. புணே கடல்மட்டத்திலிருந்து சுமார் 560 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இதமான ஊர் என்று பெயர் பெற்றது. அந்தப் பெயர் ஏப்ரலுக்குப் பொருந்தாது. சமையலறையின் வடக்குச் சன்னலில் ஈரச் சாக்கு கட்டி அவர் கன்றுகளைக் காத்தார். ஜூனில் பருவமழை வந்தபோது மூன்று எஞ்சின. மழைக்காலத்தில் அவை நன்றாகவே வளர்ந்தன. ஐந்து விரலாய்ப் பிரிந்த இலைகள், தளிராக இருக்கையில் லேசான செந்நிறம். அக்டோபர் வந்தது. சப்போரோவில் இலைகள் சிவந்தன. ஹடப்சரில் சிவக்கவில்லை.

நவம்பரிலும் சிவக்கவில்லை. இலைகளின் ஓரங்கள் மட்டும் பழுப்பேறிக் கருகின. டிசம்பரில் இரண்டு கன்றுகள் பட்டுப்போயின. மூன்றாவதன் இலைகள் உதிரவுமில்லை, பசுமையாகவும் இல்லை. காய்ந்த தாளைப்போலக் காம்பில் தொங்கிக்கொண்டிருந்தன.

மகள் தொலைபேசியில் விளக்கினாள். இலையின் மஞ்சள் எப்போதும் அதனுள்ளேயே இருப்பது. பச்சையம் சிதையும்போது அது வெளிப்படுகிறது. சிவப்பு அப்படியன்று. ஆந்தோசயனின் என்னும் அந்நிறமி, இலை உதிரப்போகும் கடைசி வாரங்களில் புதிதாக உண்டாக்கப்படுவது. பகலில் நல்ல வெயில், இரவில் உறையாத குளிர், நாளுக்கு நாள் குறுகும் பகற்பொழுது ஆகியவை சேர்ந்தால்தான் நிறம் நன்றாக ஏறும். சப்போரோ 43ஆம் பாகையில் இருக்கிறது. டிசம்பரில் அங்கே பகல் 9 மணி நேரம்தான். புணேயின் மிகக் குறுகிய பகலும் 11 மணி நேரம். தொட்டிச் செடிக்கு இங்கே யாரும் இலையுதிர்காலம் வந்துவிட்டது என்று சொல்லவேயில்லை. போதாக்குறைக்கு, தக்காணத்தின் கரிசல் சுண்ணாம்பு மிகுந்தது. மேப்பிள் சற்றுப் புளித்த மண்ணை விரும்புவது. கோடையில் அடுக்ககத்துக்கு வருவதோ லாரித் தண்ணீர். அதன் உப்பு முதலில் எரிப்பது இலை நுனியைத்தான்.

சாகப்போகும் உறுப்பொன்றுக்கு மரம் ஏன் செலவு செய்து வண்ணம் பூச வேண்டும் என்று அவர் கேட்டார். கணித ஆசிரியரின் கேள்விதான், வரவுசெலவு இடித்தது. தாவரவியலாளர்களும் இதில் இன்னும் ஒரே முடிவுக்கு வரவில்லை. பச்சையம் சிதையும் நாட்களில் மிகையொளி இலையைக் கெடுக்காதபடி சிவப்பு நிறமி திரையாக நிற்கிறது, அந்த இடைவெளியில் மரம் இலையிலுள்ள தழைச்சத்தைத் தண்டுக்குத் திருப்பி எடுத்துக்கொள்கிறது என்பது ஒரு விளக்கம். டபிள்யூ. டி. ஹாமில்டனும் சாம் பிரவுனும் 2001இல் வெளியிட்ட கட்டுரை முற்றிலும் வேறொன்றைச் சொன்னது: இலையுதிர்காலத்தில் முட்டையிட மரம் தேடும் அசுவினிகளுக்கு, 'நான் வலுவோடு இருக்கிறேன், வேறிடம் பார்' என மரம் விடுக்கும் எச்சரிக்கையே அந்த நிறம். ஹாமில்டன் அதற்கு முந்தைய ஆண்டே இறந்துவிட்டார். கட்டுரை வெளிவந்ததை அவர் பார்க்கவில்லை. தந்தைக்கு இரண்டாவது விளக்கம் பிடித்திருந்தது. இரண்டும் உண்மையாக இருக்கலாமே என்றார். அறிவியலில் அப்படி எல்லாருக்கும் பாதி மதிப்பெண் போட முடியாது என்று மகள் சிரித்தாள்.

இதன் பிறகுதான் தொட்டி குளிர்பதனப் பெட்டிக்குள் போயிற்று. விதைக்குக் குளிர் கொடுக்க முடிந்ததென்றால் கன்றுக்கு ஏன் கொடுக்கக் கூடாது? இலையுதிர்த்த செடிக்கு உறக்கத்தின்போது ஒளி தேவையில்லை என்பது வரை அவர் சிந்தித்தது சரியே. பிப்ரவரி இறுதியில் தொட்டி வெளியே வந்தது. மார்ச் நடுவில் இரண்டு மொட்டுகள் விரிந்தன. அந்த ஒளிப்படத்தை மகள் தன் ஆய்வகத்தில் எல்லாருக்கும் காட்டினாள். குளிர் கொடுக்கப் பெட்டி இருந்தது. பின்னர் வரவேண்டிய இளவேனிலைக் கொடுக்க எதுவும் இல்லை. விரிந்த மென்தளிர் நேராகத் தக்காணத்துக் கோடைக்குள் வந்தது. ஏப்ரலில் வெப்பநிலை 40 பாகையைத் தாண்டியது. 21ஆம் தேதி குறிப்பேட்டில் 'குறிப்பு' நிரலில் ஒரே சொல்: இல்லை.

இதை அவர் மகளிடம் சொல்லவில்லை. மூன்று வாரங்களாக, கன்று எப்படி என்று கேட்டபோதெல்லாம், வெயில் அதிகம் என்று மட்டும் பதில் சொன்னார். மே மாத நடுவில் மகளே அழைத்து, தன் பணிக்காலம் 2027 வரை நீட்டிக்கப்பட்டிருப்பதாகச் சொன்னாள். செய்தி அவளுக்கு ஏப்ரலிலேயே வந்துவிட்டது. அவளும் மூன்று வாரங்களாகச் சொல்லவில்லை. செப்டம்பரில் வந்துவிடுவேன் என்று அதுவரை ஒவ்வோர் உரையாடலிலும் சொல்லிவந்தவள். சற்று நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு அவர், "மேப்பிள் செத்துப்போச்சும்மா" என்றார். எப்போது என்று அவள் கேட்டாள். தேதியைச் சொன்னார். நீட்டிப்புக் கடிதம் வந்த தேதியை அவளும் சொன்னாள். இரண்டுக்கும் இடையில் நான்கு நாள்தான்.

இலையுதிர்காலம் என்பது தமிழுக்குப் பிற்பாடு வந்த சொல். தொல்காப்பியம் வகுத்த ஆறு பெரும்பொழுதுகளில் அப்படியொன்று இல்லை. சப்போரோவில் மேப்பிள் சிவக்கும் ஐப்பசி நமக்குக் கூதிர், மழையும் வாடையும். நம்முடைய மரங்கள் இலை உதிர்ப்பது அதற்குப் பின்னால், முன்பனியிலும் பின்பனியிலும், சில இளவேனிலிலும். மராத்தியர் இதைச் சிசிரத்துக்கு உரியதாகச் சொல்வார்கள். இலையுதிர்வுக்கு அவர்கள் வழங்கும் சொல் 'பான்கள்'. தமிழ்ச் செவிக்கு அது வெற்றிலைப் பன்மை போல ஒலிக்கும். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது: இலையின் சிவப்பைத் தமிழ் பெரிதும் இளமையில்தான் கண்டது. மாந்தளிர் நிறம் என்று புடவைக் கடையில் இன்றும் கேட்டு வாங்குகிறோம். முதிர்ந்த இலைக்கு நாம் கொடுத்தது பழுப்பு என்ற பெயர். ஆயினும் அந்த இலை சாகிறது என்று சொல்லாமல் பழுக்கிறது என்றே சொல்கிறோம்.

அடுக்ககத்தின் வண்டி நிறுத்தத்தில் ஒரு நாட்டு வாதுமை நின்றது. இங்குள்ளோர் அதை வெறுமனே பதாம் என்பார்கள்; கடையில் விற்கும் பாதாமுக்கும் அதற்கும் உறவில்லை. மருதமரத்தின் பேரினமான டெர்மினாலியாவைச் சேர்ந்தது. அடுக்கடுக்காகக் கிடைமட்டமாய்க் கிளை விரிக்கும். உள்ளங்கையைவிடப் பெரிய இலை. நான்கு ஆண்டுகளாக அவர் அதனடியில் நடந்திருக்கிறார். 2024 ஜனவரியில், பெட்டிக்குள் மேப்பிள் உறங்கிய அதே வாரங்களில், அது மஞ்சள், செம்மஞ்சள், அரக்கு, கருஞ்சிவப்பு என்று கீழ்க்கிளையிலிருந்து நிறம் மாறிக்கொண்டிருந்தது. அவர் குறிப்பேட்டில் அதைப்பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்த மாதத்தின் பக்கங்கள் முழுதும் பெட்டியின் உள்வெப்பநிலை.

மரத்தை அவர் கண்டது ஆகஸ்ட் மாதத்தில், அதை வெட்டுவது குறித்து நடந்த குடியிருப்போர் கூட்டத்தில். இலைகள் மழைநீர் வடிகாலை அடைக்கின்றன, வண்டிகளின்மேல் விழுகின்றன, பழந்தின்னி வௌவால்கள் சதையைத் தின்றுவிட்டுக் கொட்டையை இரவெல்லாம் வண்டிக் கூரைகளில் போடுகின்றன. புகார்கள் எதுவும் பொய்யல்ல. வௌவால்கள் உண்மையாகவே கல்லெறிவது போலத்தான் போடும். அவர் எழுந்து, தெரிந்த இந்தியில், இது ஜனவரியில் சிவக்கும் மரம், இதைப் பார்க்க என் மகள் வரப்போகிறாள் என்றார். மகளுக்கு அது தெரியாது. சிலர் சிரித்தார்கள். ஓய்வுபெற்ற மராத்தியப் பெரியவர் ஒருவர் மட்டும், மகாராஷ்டிரத்தில் நகர்ப்புற மரங்களுக்கென 1975ஆம் ஆண்டுச் சட்டம் இருப்பதையும், மாநகராட்சியின் மர ஆணையம் அனுமதிக்காமல் வெட்ட முடியாது என்பதையும் சொன்னார். மகளைவிடச் சட்டம் எடுபட்டது. வெட்டுவதில்லை, முறைப்படி அனுமதி பெற்று வண்டி நிறுத்தப் பக்கத்துக் கிளைகளைக் கழிப்பது என்று முடிவாயிற்று. அக்டோபரில் கிளைகள் கழிக்கப்பட்டன. மரம் ஒரு பக்கமாகக் குறைந்து, தோள் இழந்தாற்போல நின்றது.

குறிப்பேட்டில் இரண்டாம் பகுதி அதன் பிறகு தொடங்குகிறது. மேப்பிள் பகுதியைவிட இது செம்மையானது. ஜப்பானிய வானிலை முகமை மேப்பிள் சிவப்பதையும் ஜின்கோ மஞ்சளாவதையும் 1953 முதல் அதிகாரபூர்வமாகப் பதிவுசெய்கிறது என்று மகள் சொல்லியிருந்தாள். 2021இல் கவனிப்புப் பட்டியலைப் பெரிதும் சுருக்கியபோதும் அவ்விரண்டையும் விடவில்லையாம். இந்தியாவில் சீசன்வாட்ச் என்னும் மக்கள் அறிவியல் திட்டம், யார் வேண்டுமானாலும் ஒரு மரத்தை வாரம் ஒருமுறை கவனித்து, தளிர், முதிரிலை, பூ, காய் ஆகியவற்றின் அளவைப் பதிவுசெய்ய வழி செய்திருக்கிறது. கேரளப் பள்ளிகளில் அது நன்றாக வேரூன்றியது. அவர் அந்த முறையைத் தன் குறிப்பேட்டுக்கு எடுத்துக்கொண்டார். வாரந்தோறும் ஞாயிறு காலை, ஒரே இடத்தில் நின்று, தேர்ந்தெடுத்த மூன்று கிளைகள். டிசம்பர் மூன்றாம் வாரத்தில் எழுதியிருக்கிறார்: 'ஓர் இலைமேல் இன்னோர் இலை கவிந்திருந்தது. கவிந்த இடம் மட்டும் மஞ்சளாக, மற்ற இடம் சிவப்பாக உள்ளது. வெயில் பட்டால்தான் சிவப்பு.' மகள் தொலைபேசியில் சொன்ன ஒளித்திரை விளக்கத்துக்கு இதைவிடத் தெளிவான செயல்விளக்கத்தை ஆய்வகத்தில் கண்டதில்லை என்று அவள் பதில் அனுப்பினாள். அசுவினிகளின் பக்கம் நின்றிருந்தவர் அந்த வாரம் கட்சி மாறினார்.

இலையுதிர்ப்பு வெப்பநாடுகளில் குளிருக்கு அஞ்சி நிகழ்வதில்லை. மழை நின்றபின் வறட்சியில் இலை வழியே இழக்கும் நீரைச் சேமிக்கவே பெரும்பாலும் நிகழ்கிறது. ஆனால் அதே வறட்சி முற்றும் மார்ச், ஏப்ரலில், முதல் மழைக்குப் பல வாரங்கள் முன்பே, நம் மரங்கள் பல புதுத் தளிர் விடுகின்றன. எலியட், பேக்கர், போர்ச்சர்ட் ஆகிய மூவர் 2006இல் எழுதிய கட்டுரை இதை ஆசியப் பருவமழைக் காடுகளின் முரண் என்றே தலைப்பிட்டு அழைத்தது. ஆழ்மண்ணில் எஞ்சிய நீரும் நீளத் தொடங்கும் பகலும் சேர்ந்து மரத்தை அழைப்பதாக அவர்கள் கருதினார்கள். மேப்பிளைக் கொன்ற அதே ஏப்ரலில் வாதுமை முழுப் பசுமையோடு நின்றதன் காரணம் இதில் இருக்கிறது. ஒன்றின் வேர் ஒரு சாண் தொட்டியில். மற்றொன்றின் வேர் எங்கே போகிறது என்று அடுக்ககத்தில் யாருக்கும் தெரியாது.

வடநாட்டு நிறத்தை இங்கே வளர்க்க விரும்புவோர் மேப்பிளைத் தேட வேண்டியதில்லை. சோலாப்பூர் சாலையில் உருளி காஞ்சன் வரை இருக்கும் நாற்றங்கால்களில் தாமண் கன்று கேட்டால் கிடைக்கும். தமிழில் பூமருது, மகாராஷ்டிரத்தின் மாநில மலர். கோடையில் ஊதாப் பூ, குளிர்காலத்தில் உதிருமுன் செம்பு நிறமாகும் இலை. கரிசலும் அதற்குப் பகையில்லை. அதன் பேரினத்துக்கு லின்னேயஸ் சூட்டிய லாகர்ஸ்ட்ரோமியா என்ற பெயர், சுவீடனின் கிழக்கிந்தியக் குழுமத்தில் இருந்த மாக்னஸ் வான் லாகர்ஸ்ட்ரோம் என்னும் தம் நண்பரைக் கருதியது. கன்று வாங்குவது எளிது. ஆயினும் கணித ஆசிரியர் விதையிலிருந்துதான் தொடங்குவேன் என்றார். எம்ப்ரஸ் தோட்டத்தின் ஜனவரி மலர்க்காட்சிக்குப் போகும் வழக்கமுள்ள அந்த மராத்தியப் பெரியவர், சாலையோரத் தாமண் மரமொன்றின் வெடித்த காய்களைத் தாள் உறையில் கொண்டுவந்து கொடுத்தார். சிறகு முளைத்த நுண்ணிய விதைகள். பெட்டியில் வைக்கத் தேவையில்லை.

மகள் 2025 ஜனவரியில் இரண்டு வாரம் வந்தாள். வந்த மறுநாள் காலை ஆறரை மணிக்கு இருவரும் கீழே போனார்கள். கழிக்கப்படாத பக்கத்தில் மரம் சிவந்திருந்தது; மறுபக்கத்தில் வெட்டுவாய்களும் அவற்றைச் சுற்றிக் குருத்துகளும். பெருக்குகிற அம்மாள் தன் நீண்ட துடைப்பத்தோடு வந்து, குவித்த இலைகளின்மேல் மகள் நிற்பதைக் கண்டு, சற்று நகரச் சொன்னார். அவரை அடுக்ககத்தில் எல்லாரும் மாவ்ஷி என்பார்கள். இந்த மரத்தைப் பற்றிய அவர் கருத்தை அந்தக் கூட்டத்தில் எவரும் கேட்கவில்லை. நாளொன்றுக்கு இரண்டு மூட்டை இலை அள்ளுபவர் அவர்தான். மகள் கேட்டாள். "எல்லாம் ஒரே நாளில் விழுந்தால் நல்லது. இது இரண்டு மாதம் விழும்," என்று மராத்தியில் சொல்லிவிட்டு அவர் பெருக்கத் தொடங்கினார். தந்தை அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். உதிர்வுக்காலத்தின் நீளத்தை அவர் அதுவரை கணக்கிட்டிருக்கவில்லை.

நீ எப்போது திரும்பி வருவாய் என்று அந்த இரண்டு வாரமும் அவர் கேட்கவில்லை. நீங்கள் அங்கே வந்துவிடுங்கள் என்று அவள் ஒருமுறை சொன்னாள். அவர், அங்கே ஞாயிற்றுக்கிழமைக் கணக்கை யார் எடுப்பது என்று கேட்டார். அவள் அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டாளா, பதிலாக எடுத்துக்கொண்டாளா என்பது அவருக்கு விளங்கவில்லை. கிளம்புவதற்கு முந்தைய மாலை, மேப்பிள் இருந்த தொட்டியின் மண்ணைக் கொட்டி, பாதி கரிசலும் பாதி மட்கிய வாதுமை இலையுமாகக் கலந்து, இருவரும் தாமண் விதைகளைத் தூவினார்கள். இலைமட்கு அந்த மாவ்ஷி கொடுத்தது.

19ஆம் தேதிப் பதிவு மட்டும் குறிப்பேட்டில் வேறு கையெழுத்தில் இருக்கிறது. முதல் கிளை, 14 இலை, எல்லாம் சிவப்பு. இரண்டாம் கிளை, 9 இலை, ஐந்து சிவப்பு, நான்கு மஞ்சள். மூன்றாம் கிளை, இலை இல்லை, நுனியில் மொட்டு. 26ஆம் தேதிப் பதிவு மீண்டும் அவருடையது. முதல் கிளை, 6 இலை. தொட்டி: இன்னும் முளைக்கவில்லை.